நான்கரை விநாடிக்கு உரிமை கோரிச் சம்பந்திக்கு எழுதியது

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களின் திருமுன் பணிந்து எழுதும் விண்ணப்பம்.

இவ்விடத்தில் தங்கள் திருமகனும் என் மகளும், அவர்களுக்கு இடையூறின்றி ஓரத்து அறையில் நானும், எல்லாம் வல்லவன் அருளால் குறைவின்றி இருக்கிறோம். அவ்விடத்தில் தங்கள் இரத்த அழுத்தமும், சம்பந்தியம்மாளின் முழங்கால் வலியும், தாங்கள் முன்பு குறிப்பிட்டிருந்த கீழ்வீட்டுக்காரரும் ஒருவாறு அடங்கியிருப்பார்கள் என நம்புகிறேன். மூவருக்காகவும் நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. சென்ற செவ்வாயன்று தாங்கள் தொலைபேசியில் அழைத்து, "கேட்டீங்களா சம்பந்தி, பாட்டை? அது எங்க வம்சத்துக் குரல். எங்க தாத்தா சந்தையில நின்னு ஏலம் கூவினா மூணு தெருவுக்குக் கேக்கும். அப்படியே இவன்கிட்ட இறங்கியிருக்கு. பத்திரிகைக்காரர் ஒருத்தர் வந்தார், அவர்கிட்டயும் அதையே சொல்லிட்டேன்" என்று பெருமிதத்தோடு மொழிந்தீர்கள். நானும் "அப்படிங்களா, ரொம்ப சந்தோஷம்" என்று கூறி வைத்துவிட்டேன். அன்று நான் கூறியது பொய். எனக்குச் சந்தோஷம் இல்லை. எழுபத்து நான்கு வயதில், மறைநூல்களை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பொய்யோடு ஐந்து நாள் உண்டு உறங்கியிருக்கிறேன். அந்தப் பத்திரிகை அடுத்த வாரம் அச்சேறுவதற்குள் உண்மையைத் தங்கள் காதில் போட்டுவிட வேண்டும் என்றுதான் இக்கடிதம். உண்மை இதுதான்: நாடு முழுவதும் இன்று கேட்டு உருகிக்கொண்டிருக்கும் அந்தக் குரல் தங்கள் வம்சத்துடையது அன்று. அது என்னுடையது. தற்பெருமைக்காகச் சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. தற்பெருமை என்னும் குற்றத்தை நான் எத்தனை பதிகங்களில் படித்து அஞ்சியிருக்கிறேன் என்பதை ஆண்டவன் அறிவான். நடந்ததை நடந்தபடியே வைக்கிறேன். தீர்ப்பைத் தாங்களே சொல்லலாம்.

தங்கள் மகன் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். மின்தூக்கி என்று சொன்னால் இவ்வீட்டில் ஒருவருக்கும் விளங்குவதில்லை ஆதலால் இனி லிஃப்ட் என்றே எழுதுகிறேன். அவருடைய செவி சாதாரணச் செவி அன்று. ஒரு கட்டடத்தின் வாசலில் நின்றபடியே, "அஞ்சாவது மாடிக் கதவுல ஒரு உருளை தேஞ்சிருக்கு மாமா" என்பார். ஏறிப் பார்த்தால் தேய்ந்திருக்கும். செவியில் விழுந்ததெல்லாம் அப்படியே நாவில் இறங்கிவிடும். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளரைப் போல "கதவை முழுசா சாத்துங்க" என்று இவர் ஒருமுறை படிக்கட்டில் குரல் கொடுத்தபோது, செயலாளரின் மனைவியே உள்ளிருந்து "சாத்தியாச்சு, சாத்தியாச்சு, காலைலயே ஆரம்பிக்காதீங்க" என்றார். பாட்டும் அவ்வாறே. எந்தப் பாடகரின் பாட்டை எடுத்தாலும் அந்தப் பாடகரே நம் குளியலறையில் புகுந்து தாழிட்டுக்கொண்டது போலிருக்கும். இருபது ஆண்டுகளாக அவர் காலையில் குளித்தபடி பாடுவதும், அதே வேளையில் நான் பாராயணம் செய்வதும், இருவருள் யார் முதலில் நிறுத்துவது என்பதும் இவ்வீட்டின் தீராத வழக்கு.

இந்நிலையில்தான் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி வந்தது. பதினைந்து வாரம். நான் அதைப் பார்க்கவில்லை. தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நூல் வாசித்தேன்; எதிரே புத்தக அலமாரியின் கண்ணாடிக் கதவில் போட்டி முழுவதும் தெரிந்தது என் குற்றமன்று. வாரந்தோறும் இவர் ஒருவரைப் போலப் பாடுவார். நடுவர்கள் மூவரும் எழுந்து நிற்பர். "கண்ணை மூடினா அவரே வந்து நிக்கிறார் சார்" என்பர். இறுதிச் சுற்றில் ஒரு பல்மருத்துவரை வென்று இவர் பட்டம் பெற்றதும், மூன்றாம் நடுவராகிய அம்மையார் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, மிகவும் மெதுவாக, "எல்லாரையும் பாடிக் காட்டிட்டீங்க. உங்களை எப்போ பாடப் போறீங்க?" என்றார். அரங்கமே சிரித்தது. தங்கள் மகனும் சிரித்தார். நானோ அலமாரிக் கண்ணாடிக்குள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது, கண்ணுக்கு ஏறவில்லை.

பட்டத்தோடு கிடைக்கும் பரிசு, இவருக்கென்றே புதிதாக இயற்றப்பட்ட ஒரு பாட்டு. 'சிங்கிள்' என்கிறார்கள். தனிப்பாடல் என்று நான் பொருள் கொண்டேன். புலவர்கள் பாடி வைத்துப் போனவை நம்மிடம் ஆயிரம் இருக்கின்றனவே. போட்டி முடிந்த மறு திங்கட்கிழமை இசையமைப்பாளர் மெட்டை அனுப்பினார். பாட்டுக்கூடத்து வழக்கம் ஒன்றைத் தாங்கள் இங்கே அறிய வேண்டும். எந்தப் புதுப் பாட்டையும் முதலில் யாரோ ஒருவர் பாடி மாதிரி வைப்பாராம். அதைக் கேட்டுத்தான் பெரிய பாடகர் பாடுவாராம். பிறகு மாதிரியை அழித்துவிடுவார்களாம். தங்கள் மகனின் பாட்டுக்கு அந்த மாதிரி கிடையாது. நடுவர் அம்மையார் சொன்னதை இசையமைப்பாளர் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, "இவருக்கு மாதிரி குடுத்தா அந்த ஆளாவே மாறிடுவாரு. குடுக்காதீங்க" என்று கட்டளையிட்டுவிட்டார். வந்தது ஒற்றை விரலால் தட்டிய மெட்டும், ஒரு தாளில் அச்சிட்ட பாட்டும் மட்டுமே.

மறுநாள் செவ்வாயன்று பாட்டுக்கூடம் சென்றார். பதினோரு முறை பாடினாராம். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்கு அப்பாலிருந்து, "இது இன்னார். அடுத்தது" என்று மட்டும் பதில் வந்ததாம். பதினோராவது முறை இசையமைப்பாளருக்கே அது யார் குரல் என்று பிடிபடவில்லை; மகிழ்ந்துபோய்க் கேட்டபோது, "நம்ம குடியிருப்புச் செயலாளர் சார்" என்றிருக்கிறார் இவர். உடனே பாட்டை வெளியிடும் நிறுவனத்துப் பெண் அதிகாரி தனியே அழைத்து, வெள்ளி காலை பதினொரு மணிக்கு இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு என்றும், அதிலும் அமையாவிடில் பாட்டு பல்மருத்துவருக்குப் போய்விடும் என்றும், ஒப்பந்தம் அப்படித்தான் இருக்கிறது என்றும், மிகுந்த மரியாதையுடன் கூறி அனுப்பிவிட்டார்.

சம்பந்தி அவர்களே, புதன் காலையில் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான் பாராயணத்தைத் தொடங்கினேன். போட்டிக்கு எதிர்க்குரல் இல்லை. இரண்டாம் பாட்டிலேயே எனக்கு நாக்கு தடுமாறியது. வழக்கைத் தொடுத்தவன் நீதிமன்றத்தில் தனியே நிற்பது போல இருந்தது. நூலை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனால், தங்கள் மகன் ஈரத் தலையோடு நாற்காலியில் அமர்ந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என் மகள் தேநீரை அவர் கையில் திணித்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன மாப்பிள்ளை?" என்றேன்.

"இந்தப் பாட்டை எனக்கு முன்னாடி யாரும் பாடல மாமா."

"அதுதானே பெருமை?"

"பெருமைதான். ஆனா யாரை மாதிரி பாடறது?"

"உங்களை மாதிரி பாடுங்க" என்றாள் என் மகள்.

"நான் எப்படிப் பாடுவேன்னு எனக்கு எப்படிடி தெரியும்? நான் கேட்டதே இல்லையே" என்றார்.

இதைக் கேட்டு நான் அசையாமல் நின்றுவிட்டேன். வேடிக்கையாகத் தோன்றுகிற சொல். எண்ணிப் பார்த்தால் நடுங்கவைக்கிற சொல். முதன்முதலில் பதிகம் பாடிய அடியாருக்கு மாதிரி யார் வைத்தார்கள்? இறைவன் எதிரே, ஒரு நாவிலும் அதுவரை ஏறாத சொல்லைத் தம் நாவில் ஏற்றித் தனியே நின்றாரே, அவருக்கு எத்தனை அச்சம் இருந்திருக்கும்? அறுபது ஆண்டுகளாக அந்தச் சொற்களில், பிறர் நடந்து தேய்த்த பாதையில், செருப்போடு நடந்துவிட்டு, பக்தி செய்ததாகக் கணக்கு எழுதிக்கொண்டவன் நான். லிஃப்டுக்கு எண்ணெய் போடுகிறவர் ஒருவர், என் வீட்டுச் சமையலறையில், அந்த முதல் அடியாரின் அச்சத்தோடு அமர்ந்திருக்கிறார். எனக்கு மெய்சிலிர்த்தது. அவரை வணங்கலாம் என்றே தோன்றியது. மாமனார் முறை தடுத்தது.

வியாழன் அன்றுதான் என் மகளுக்கு அந்த யோசனை உதித்தது. "அப்பா தினமும் ஒரு மணி நேரம் உருப்போடுறாரே. அவர் ஒருதடவை பாடட்டும். அவரைக் கேட்டுட்டு நீங்க பாடுங்க. மாதிரி வெச்ச மாதிரியும் ஆச்சு, அந்த மியூசிக் டைரக்டரு கண்டுபிடிக்கவும் மாட்டாரு" என்றாள்.

நான் மறுத்தேன். காதல் பாட்டு, என் வயதென்ன, என் நெறியென்ன என்றேன். மூன்று முறை மறுப்பது என்று மனத்துக்குள் முடிவு செய்திருந்தேன். முதல் மறுப்பிலேயே இருவரும் "சரி, விடுங்க" என்று திரும்பிவிட்டார்கள். ஆகையால் நானே, "அவசரம்னு சொல்றீங்க, பார்க்கலாம்" என்று கூறும்படி ஆயிற்று.

தங்கள் மகன், "நல்லாப் பாடணும்னு இல்ல மாமா. எனக்கு முன்னாடி யாராவது பாடியிருந்தாப் போதும்" என்றார். இதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் பாட இயலவில்லை. மேல்தளத்தில் சுவரைத் துளையிட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே ஒருவர் மோட்டார் வாகனத்தை உதைத்துக்கொண்டிருந்தார். "அமைதியான இடம் ஒண்ணுதான் இருக்கு, வாங்க" என்று தங்கள் மகன் என்னை எங்கள் குடியிருப்பு லிஃப்டுக்குள் அழைத்துச் சென்று, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே அதை நிறுத்தினார். தம் பையிலிருந்து ஒரு மடக்கு முக்காலியை எடுத்து என்னை அமர்த்தினார். எதிரே சுவர்க் கண்ணாடியில் நான். கையில் பாட்டுத் தாள். கைப்பேசி என் வாயருகே. வெளியே இரண்டே நிமிடத்தில் செயலாளரின் குரல் எழுந்தது: "யாரு உள்ள மாட்டிக்கிட்டது?"

"நான்தான் சார்" என்றார் தங்கள் மகன்.

"நீங்களா? லிஃப்ட் மெக்கானிக்கே மாட்டிக்கிட்டா நாங்க யாரைக் கூப்பிடறது?"

"அஞ்சு நிமிஷம் சார். வேலை நடக்குது."

"கூட யாரு?"

"மாமனார் சார்."

"எதா இருந்தாலும் பேசித் தீத்துக்குங்க" என்று கூறிவிட்டுச் செயலாளர் படியேறிப் போகும் ஓசை கேட்டது.

நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு பாடத் தொடங்கினேன். பாட்டின் யாப்பு பற்றித் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. எதுகை என் பற்களைப் போல அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. ஆயினும் நான்கு வரிகள் என்னைப் பிடித்து நிறுத்தின:

உன் பேரைச் சொல்லி ஊரெல்லாம் கூப்பிட்டேன்,
தெருவே திரும்பித் திரும்பிப் பார்க்குது,
தெரியாத சன்னல்கூடத் திறந்து பார்க்குது,
நீ மட்டும் வரல.

பொருளைச் சற்றே மாற்றிக்கொண்டால் இறைவனை நோக்கிப் பாடியதே அன்றோ? அவ்வாறே எண்ணிப் பாடினேன். சொல்லுக்குச் சொல் நிறுத்தி, பாராயண முறைப்படி கடைசி அடியைத் தாழ்த்தி, உள்ளம் கரைந்து "நீ மட்டும்" என்றேன். அவ்வேளையில் விளக்கு அணைந்தது. லிஃப்ட் சும்மா நின்றால் சில நிமிடத்தில் விளக்கும் விசிறியும் தாமே அணைந்துவிடுமாம், மின்சாரம் மிச்சமாம், இதை முன்னரே சொல்ல மறந்துவிட்டார் தங்கள் மகன். காரிருள். நான் சிறிதும் கலங்கவில்லை. பற்பல ஆண்டுகள் செய்த பயிற்சி அத்தகையது. மூச்சை உள்ளே நிறுத்தி, இருளிலேயே இறைவனைக் கண்டு, ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்திருந்தேன். அவர் ஏதோ பொத்தானைத் தொட்டார், விளக்கு வந்தது, விட்ட இடத்திலிருந்தே "வரல" என்று முடித்தேன். என் குரல் சற்று நடுங்கியது உண்மை. அது வயது.

வெள்ளியன்று என் மகளுக்கு வேலை இருந்தமையால் நானே உடன் சென்றேன். பாட்டுக்கூடம் என்பது என்னவென்று தாங்கள் ஒருமுறையாவது காண வேண்டும். சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் நம் செருப்போசை நம்மை விட்டுப் போய்விடுகிறது. நான் செருமினேன்; அது வாயை விட்டு ஓர் அங்குலம் சென்று விழுந்து இறந்தது. எத்தனையோ கருவறைகளில் நின்றிருக்கிறேன். அங்கெல்லாம் நம் குரல் திரும்பி வந்து நம்மைத் தேற்றும். இங்கே திரும்பி வருவது என்று ஒன்று இல்லை. பாடுகிறவன் பாடியே தீர வேண்டும். கண்ணாடிக்கு அப்பால் காதுக்கருவி அணிந்து, சிவப்பு விளக்கின் கீழே, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், தங்கள் மகன் நின்றார். இப்பால் இசையமைப்பாளர், ஒலிப்பதிவாளர், பெண் அதிகாரி, பின்வரிசையில் நான். வராந்தாவில், அழைத்தால் வருவதற்கு ஆயத்தமாக, பல்மருத்துவர் ஒரு நாளிதழை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "உங்க மருமகனுக்கே கிடைக்கணும் ஐயா. உண்மையாத்தான் சொல்றேன். எனக்கு இன்னிக்கு ரெண்டு மணிக்கு ஒரு கடைவாய்ப் பல் இருக்கு" என்றார். நல்ல மனிதர்.

இசை எழுந்தது. தங்கள் மகன் கண்ணை மூடினார், பாடினார்.

எனக்கு அந்தக் குரலைத் தெரியவில்லை. இசையமைப்பாளர் வழக்கம்போல் "இது இன்னார்" என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. சற்றுக் கரகரப்பு, சற்றுத் தயக்கம், நடுவயதுக்காரர் ஒருவர் பேசுவதற்கும் பாடுவதற்கும் இடையே நின்று கதவைத் தட்டுவது போன்ற குரல். யாருடையது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் மெல்ல மெல்ல விளங்கிற்று. கூப்பிட்டார், தெரு திரும்பிப் பார்த்தது, சன்னல் திறந்தது. "நீ மட்டும்" என்றார். நின்றார்.

சம்பந்தி அவர்களே, அவர் நின்றார். இசை தானே ஓடிற்று. ஒலிப்பதிவாளர் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். இசையமைப்பாளர் பார்க்காமலேயே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கள் மகனின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணோரம் நீர் திரண்டது. அந்த அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பிறகு, உடையும் தறுவாயில் நடுங்குகிற குரலில், "வரல" என்றார்.

இசையமைப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த இடத்துல நிக்கச் சொன்னது யாரு? நான் சொல்லலையே" என்றார். பெண் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்ப் பல்மருத்துவரை அனுப்பிவிட்டார். கடைவாய்ப் பல் பிழைத்தது. நான் பின்வரிசையில் கைகூப்பி அமர்ந்திருந்தேன். அது என் இருள், என் மூச்சு, என் நடுக்கம். லிஃப்டில் நான் விட்ட இடைவெளியை அவர் ஒரு மாத்திரை குறையாமல் அங்கே வைத்துவிட்டார். எத்தகைய செவி. ஆண்டவனின் திருவிளையாடல் என்பதன்றி வேறென்ன சொல்ல?

பாட்டு வெளிவந்த பிறகு நடந்தவை தாங்கள் அறிந்தவையே. எனினும் நான் கண்ட மூன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பேருந்தில் வானொலி அந்த இடத்துக்கு வந்ததும் பயணிகள் பேச்சை நிறுத்துகிறார்கள். "வரல" வந்த பிறகே நடத்துநர் "டிக்கெட்" என்கிறார். இரத்தப் பரிசோதனைக்குச் சென்றேன். மூலையில் பாட்டு ஒலிக்க, செவிலி ஊசியை என் கையில் ஏற்றிய நிலையில் அப்படியே நின்றுவிட்டாள். அந்த நான்கரை விநாடியும் என் இரத்தமும் காத்திருந்தது. நான்கரை என்பது என் கணக்கன்று. ஓர் இசைத் திறனாய்வாளர் அளந்து எழுதியிருக்கிறார். 'ஒரு வாழ்க்கை முழுவதும் காத்திருந்தவனால் மட்டுமே இந்த மௌனத்தைப் பாட முடியும்' என்று அரைப் பக்கம் எழுதிவிட்டார். அதை நான் பதினேழு முறை வாசித்தேன். ஒவ்வொரு முறையும் கீழே என் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். அந்த நடுவர் அம்மையாரும் தொலைக்காட்சியில் தோன்றி, "கடைசியா அவரைப் பாடிட்டார்" என்றார்.

பாடியது அவரை அன்று, என்னை. இதைத்தான் நான் யாரிடமும் சொல்ல இயலாமல் வெந்துகொண்டிருந்தேன். சொன்னால் மாப்பிள்ளைக்கு முதன்முதலாகக் கிடைத்த பெயர் போய்விடும். மீண்டும் பிறர் குரல்காரர் என்பார்கள். சொல்லாவிட்டால், சம்பந்தி அவர்களே மன்னிக்க வேண்டும், ஏலம் கூவிய தங்கள் பாட்டனார் பத்திரிகையில் வந்துவிடுவார். ஆகவே நான் வேண்டுவது மிகவும் சிறியது. தாங்கள் அந்தப் பத்திரிகையாளரிடம், 'இக்குரலில் இரு குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. மௌனத்தில் சம்பந்தியாருக்குச் சற்றுக் கூடுதல் பங்கு உண்டு' என்னும் பொருள்பட, பெயர் சுட்டாமல், இரண்டு வரி சேர்க்கச் சொல்ல வேண்டும். பெயர் சுட்டினாலும் நான் வருந்தமாட்டேன்.

தங்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் நீண்ட ஆயுளும், குறையாத கண்பார்வையும், படியேறத் தெம்பும், இறைவன் திருவடியில் நீங்காத நினைவும் பெருகுக என வேண்டி, தாழ்ந்த வணக்கங்களுடன்,

என்றும் தங்கள் உறவை வரமாக எண்ணும்
சம்பந்தி

பின்குறிப்பு: மேற்கண்டதை எழுதி முடித்து, உறையில் இடுமுன் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று, லிஃப்டில் நான் பாடிய பதிவைக் கேட்க விரும்பினேன். தங்கள் மகன், "வேண்டாம் மாமா" என்றார். வற்புறுத்தினேன். போட்டார்.

முதலாவது, நான் பாடியது பாட்டே அன்று. வரவு செலவு அறிக்கை வாசிப்பது போலிருக்கிறது. ஒலித்த இரண்டு நிமிடத்தில் ஓரிடத்திலும் என் குரல் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இரண்டாவது, அந்த மௌனம். 'நீ மட்டும்' என்கிறேன். விளக்கு அணைகிற 'டப்' ஓசை கேட்கிறது. உடனே, எனக்கே அடையாளம் தெரியாத ஒரு குரலில், "ஐயோ மாப்பிள்ளை, கயிறு அறுந்துருச்சா, பிடிங்க பிடிங்க, என்னைப் பிடிங்க" என்கிறேன். அதன்பின் ஆண்டவன் பெயர் ஆறேழு முறை, எண்ணவியலாத வேகத்தில். அதன்பின், "செயலாளர் சார், செயலாளர் சார்" என்றும் இருக்கிறது. இவர் "ஒண்ணுமில்ல மாமா, ஒண்ணுமில்ல" என்கிறார். ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து, மிகுந்த கம்பீரத்துடன், "வரல" என்கிறேன்.

"அப்போ அங்க கூடத்துல நீங்க நின்னது?" என்று கேட்டேன்.

"அந்த இடம் வந்ததும் நீங்க கத்தினது காதுல வந்துருச்சு மாமா. சிரிப்பு அடக்க முடியல. சிரிச்சா பாட்டு பல் டாக்டருக்குப் போயிடும். அதான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன்" என்றார்.

"மத்த வரியெல்லாம்?"

"உங்களை மாதிரி பாடத்தான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலைல எழுந்ததுல இருந்து பார்த்தேன். எவ்வளவு பார்த்தாலும் வரல. நான் பாட முடியாத ஒரே ஆளு நீங்கதான். நேரம் ஆயிடுச்சு, வந்ததைப் பாடிட்டேன்" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. இம்முறை உண்மையாகவே பேசவில்லை.

ஆகவே பத்திரிகையாளரிடம் எதுவும் சேர்க்கச் சொல்ல வேண்டாம். தங்கள் பாட்டனாரையும் பெருந்தன்மையோடு எடுத்துவிடச் சொல்லுங்கள். அக்குரல் நம் இருவருடையதும் அன்று. இக்கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றிருந்தேன். ஒன்பது பக்கம் எழுதியாகிவிட்டது. அவர் இப்போது குளிக்கப் போயிருக்கிறார். பழைய பாட்டு ஒன்றைப் பாடுகிறார். யாரைப் போல என்று சொல்லத் தெரியவில்லை. கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நூலை மூடி மடியில் வைத்து, அதன் மேல் தாளை வைத்து இதை எழுதுகிறேன். தண்ணீரைச் சற்று மெதுவாகத் திறந்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். மாமனாராகிய நான் அதைக் கதவைத் தட்டிச் சொல்வது முறையா என்பதற்கு மட்டும் தாங்கள் பதில் எழுதினால் போதும்.